பூஜ்யத்தில் அறுபது சதவீதம்

ஆரம்பாக்கத்துப் பூவராகவன் செய்த குற்றம் இதுதான்: 1973ஆம் வருஷம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோது, அவர் தம்முடைய ஐந்து குதிரைச் சக்தி பம்புசெட்டைப் போடாமல் இருந்துவிட்டார். ஏரி நிரம்பி வழிந்தது. கழனியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இந்த நிலைமையில் கிணற்றிலிருந்து வேறு தண்ணீர் இறைக்க வேண்டும் என்ற யோசனை அவருக்குத் தோன்றவில்லை. அவர் அதிகம் படிக்காதவர். படித்தவர்கள் இந்த மாதிரித் தவறு செய்வதில்லை.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். வயர்மேன் சுப்பராயன் சைக்கிளில் வந்து இறங்கினார். மோட்டார் கொட்டாய்க்குள் நுழைந்து, பலகையில் இருந்த மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் காக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கொஞ்சம் சங்கடம் இருந்ததென்று சொல்ல வேண்டும். பூவராகவன் வீட்டு மோரைப் பல தடவை குடித்தவர் அவர்.

"இன்னாபா சுப்பராயா, எதுனா ரிப்பேரா?" என்று கேட்டார் பூவராகவன்.

"ரிப்பேரு இல்ல நைனா, கோட்டா. நாட்டுல கரண்ட்டு பஞ்சம். வெளிநாட்டுல எண்ணெ வெல ஏறிப்போச்சாம், அணையில தண்ணி இல்லியாம். ஆளுக்கு இவ்ளோதான்னு அளந்து வுட்டுட்டாங்க."

"அளக்கட்டும், வாணாம்னு சொல்லல. எனுக்கு எவ்ளோ?"

சுப்பராயன் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து, எழுத்தைக் கூட்டி வாசிப்பவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"பூஜ்யம்" என்றார்.

விஷயம் என்னவென்றால், திருவள்ளூரில் எரிசக்தி ஒதுக்கீட்டு அலுவலகம் என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அடிப்படைக் காலாண்டு என்று ஒரு மூன்று மாதத்தை அந்த அலுவலகம் வரித்துக்கொண்டது. அந்தக் காலாண்டில் ஒருவர் மாதம் சராசரியாக எவ்வளவு மின்சாரம் செலவழித்தாரோ, அதில் அறுபது சதவீதம் இனி அவருக்கு. ஆலைக்கும் அதே விதி, அரிசி மில்லுக்கும் அதே விதி, கழனிக்கும் அதே விதி. அடிப்படைக் காலாண்டாக ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழைக்காலத்தை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. அந்தக் காலாண்டின் கணக்குத்தான் தட்டச்சில் தெளிவாக விழுந்திருந்தது.

இந்த விதியால் ஊரிலேயே பெரிய ஒதுக்கீடு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? பூவராகவனின் மச்சான் தணிகாசலத்துக்கு. அவர் கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காகச் சூளூர்ப்பேட்டைக்குப் போனபோது, மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் அது இரவும் பகலும் கொட்டுகிற மழையில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அன்று ஊரே அவரைத் திட்டியது. இன்று அவர் ஒருவரிடம்தான் மாதத்தில் எட்டு நாளைக்குக் கரண்ட் இருந்தது. மற்றவர்களுக்கு மூன்று நாள், இரண்டு நாள். அவருக்கே பயிர் ஆறு ஏக்கர். தங்கை புருஷனுக்குத் தண்ணீர் விடலாம் என்றால் தம் பயிரைப் பாதி காய விட வேண்டும்.

பூவராகவனுக்கு இரண்டு ஏக்கர். மழைக்குப் பிந்திய நவரைப் பட்டத்துக்கு ஐ.ஆர். எட்டு நெல் நட்டிருந்தார். மாசி பாதி வரைக்கும் ஏரித் தண்ணீர் தாங்கும். அதற்கு மேல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற சமயத்தில் கிணற்றை விட்டால் கதியில்லை. அந்த நெல்தான் வருஷத்துச் சோறு. வேறு நெல் கிடையாது, வேறு நிலமும் கிடையாது.

ஆகவே அவர் திருவள்ளூருக்குப் புறப்பட்டார். ஆரம்பாக்கம் வடக்கே இருக்கிறது, திருவள்ளூர் மேற்கே இருக்கிறது. வடக்கே இருப்பவன் மேற்கே போகவேண்டுமென்றால் தெற்கே பட்டணத்துக்கு ஒரு ரயில் பிடித்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு ரயில் ஏற வேண்டும். அலுவலகத்தை அடைந்தபோது மணி பதினொன்று. நல்ல வெயில். உள்ளே பதினாறு குழல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எட்டு மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றன. காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு கருங்கல் வைத்திருந்தார்கள்.

விவசாயப் பிரிவு எழுத்தர் தேசிகன், காலையில் பெருமாள் கோயில் கைங்கர்யத்தை முடித்துக்கொண்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம் ஈரமாக இருந்தது. பேரேட்டைப் புரட்டினார்.

"ஓய், நீர் மூணு மாசமா மோட்டாரே போடலையா?"

"மழ பேஞ்சிதே சாமி."

"மழை பெய்யறது வேற இலாகா. நான் கேக்கறது மோட்டாரை."

"போடல."

"அப்பறம் என்ன? உமக்குச் சேர வேண்டிய அறுபது பர்சென்ட்டைக் குடுத்தாச்சு. பூஜ்யத்துல அறுபது பர்சென்ட் பூஜ்யம். ஒரு யூனிட் கூடக் குறைக்கலை. சந்தேகமா இருந்தா நீரே பெருக்கிப் பாரும்."

பூவராகவன் பெருக்கிப் பார்க்கவில்லை. "பயிரு காஞ்சிடும் சாமி. கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்றார்.

"பேஷா ஏத்தலாமே! மூணு மாசம் எவ்வளவு செலவழிச்சேர்னு காட்டினா, அடுத்த காலாண்டுல ஏத்தறதுக்கு ஷரத்து இருக்கு."

"செலவு பண்றதுக்குக் கரண்ட்டு வோணுமே?"

"கரண்ட்டுக்கு ஒதுக்கீடு வேணும்."

"அந்த ஒதுக்கீடு கேட்டுக்கினுதான வந்துகீறேன்."

"அதான் செலவழிச்சுக் காட்டும்ங்கறேன்."

பேச்சு இப்படியே மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. பூவராகவனுக்குத் தலை கிறுகிறுத்தது. தேசிகனுக்குப் பழக்கமாகிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை.

எதிரே ஓர் அறை கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேஜை இல்லை, நாற்காலி இல்லை, மனிதர் இல்லை. மூன்று விளக்கும் இரண்டு மின்விசிறியும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன.

"அந்த ரூம்புல ஆளே இல்லியே சாமி, காத்தாடி சுத்துதே?"

தேசிகன் குரலைத் தாழ்த்தினார். "சுத்தலேன்னா இந்த ஆபீஸுக்கே அடுத்த வருஷம் ஒதுக்கீட்டைக் குறைச்சுடுவா. உம்மை மாதிரி நாங்களும் ஏமாந்து நிக்கணுமா?"

இதற்குள் உள்ளறையிலிருந்து மணி அடித்தது. ஒதுக்கீட்டு அதிகாரி ஆதிநாராயணன் விவசாயியைப் பார்க்கப் பிரியப்பட்டார். எரிசக்திப் பொருளாதாரத்தில் ஆறு மாதம் விசேஷப் பயிற்சி பெற்றவர் அவர். அந்த ஆறு மாதத்தை ஆறு நிமிஷத்துக்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்கிற தவிப்பு எப்போதும் அவர் முகத்தில் இருக்கும். சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் சிவப்புக் கோடு ஒன்று ஏறி ஏறி இறங்கியது. அவர் பூவராகவனைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்துப் பேசினார்.

"இந்தக் கோடுதான் தேவை. இது கீழே வர வேண்டும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். இதோ, தரையில். உங்களைப் போல எல்லோரும் தரைக்கு வந்துவிட்டால் நாட்டுக்குப் பிரச்சினையே கிடையாது."

"பயிரு காயுது சார்."

"காயும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் திட்டம் போட்டிருக்கிறோம்" என்று அதிகாரி ஆறுதலாகச் சொன்னார்.

பூவராகவன் சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் டீசல் இன்ஜினை வாடகைக்கு வைத்து இறைத்துவிடலாம் என்று நினைத்தார். டீசலுக்கும் பர்மிட். அது கும்மிடிப்பூண்டியில் கொடுக்கிறார்கள். போகிற வழியில் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையைப் பார்த்தார். பெரிய உருளைகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இரும்பு ஏதும் போகவில்லை, வெளியே கம்பி ஏதும் வரவில்லை. தொழிலாளிகள் ஓரமாக உட்கார்ந்து நாஷ்டா பண்ணிக்கொண்டிருந்தார்கள். "இரும்பு வந்து ரெண்டு மாசம் ஆவுதுபா. ரோலரு நின்னா கோட்டா பூடும்னு மொதலாளி ஓட்டச் சொல்லிக்கீறாரு" என்றான் ஒருவன். தம் இரண்டு ஏக்கர் நனைய எட்டு மணி நேரம் போதும். அந்த உருளைகள் ஒரு மணி நேரம் சும்மா ஓடுவதில் தம் கழனி ஒரு போகத்துக்கு நனையும் என்று பூவராகவனுக்குத் தோன்றியது. வயிறு எரிந்தது. நின்று பார்த்தால் இன்னும் எரியும் என்று வேகமாக நடந்தார்.

பர்மிட் ஜன்னலில் ஆரோக்கியமேரி என்கிற அம்மாள் இருந்தார். நல்ல அம்மாள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகு மறுத்தார்.

"கரண்ட் சர்வீஸ் இருக்கறவங்களுக்கு டீசல் கெடையாதுங்க."

"எனுக்குக் கரண்ட்டு இல்லம்மா."

"இல்லன்னு திருவள்ளூர் ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, உடனே போட்டுத் தரேன்."

மறுபடியும் தெற்கே போய் மேற்கே போனார். தேசிகன் மனமிரங்கி அன்றைக்கே சான்றிதழ் எழுதித் தந்தார். பூவராகவன் அதை மடியில் பத்திரமாக முடிந்து கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தார். ஆரோக்கியமேரி வாசித்தார்: 'இந்த விவசாயிக்கு மின்சார ஒதுக்கீடு உண்டு. அதன் அளவு பூஜ்யம்.'

"உண்டுன்னு போட்டிருக்காங்களே ஐயா" என்றார் அந்த அம்மாள். அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் உண்டு என்றால் உண்டுதான்.

மாசி பாதியில் ஏரி வற்றியது. கழனியில் முதலில் கோடு கோடாக வெடிப்பு விட்டது, பிறகு கால்விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது. பூவராகவனும் மனைவி லட்சுமியம்மாளும் கிணற்றிலிருந்து வாளியால் சேந்தி ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்றின இடத்திலேயே தண்ணீர் காணாமல் போயிற்று. கதிர் வெளியே வரத் தயங்கி, தண்டுக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. பூவராகவன் கழனிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். போனால் அழுகை வந்தது. அழுதால் லட்சுமியம்மாள் சாப்பிட மாட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் திருவள்ளூரிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது.

அங்கே நடந்தது இது. தாலுகாவுக்கு ஒருவராக, மின்சாரத்தை மிகவும் மிச்சம் பிடித்த குடிமகனைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. தேசிகன் பேரேட்டை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். தை மாதம் பூஜ்யம், மாசி மாதம் பூஜ்யம் என்று ஒரே ஒரு பெயருக்கு எதிரில் இருந்தது. மிச்சம் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டபோது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியதாயிற்று. அது கூடாதென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதிகாரியைக் கேட்டார். "பள்ளிக்கூடக் கணக்கு வேறு, கொள்கைக் கணக்கு வேறு, நூறு என்று போடுங்கள்" என்றார் ஆதிநாராயணன்.

ஆகவே பூவராகவனுக்குச் 'சிக்கனச் சிகரம்' என்ற பட்டம். பங்குனி முதல் வாரத்தில், சாதனை நிகழ்ந்த இடத்திலேயே, அதாவது அவருடைய கழனியிலேயே விழா. காலை பத்து மணிக்கு. கழனியோரப் புறம்போக்கில் பந்தல், ஒலிபெருக்கி, வண்ண விளக்குகள் எல்லாம் அலுவலகமே ஏற்பாடு செய்யும்.

பூவராகவன் கடிதத்தைக் கசக்கி எறியப் போனார். "பட்டமாம் பட்டம்! வவுத்தெரிச்சல கொட்டிக்கிறானுங்க. நான் போமாட்டேன், நீயே போய் வாங்கிக்கோ" என்று கத்தினார்.

லட்சுமியம்மாள் கத்தவில்லை. "இந்தாய்யா, மைக்கு செட்டு, லைட்டு இதுக்கெல்லாம் கரண்ட்டு எங்கேர்ந்து எடுப்பாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம கொட்டாயிலேர்ந்துதான். வேற எங்க கீது?"

"அப்போ பியூஸு கட்ட போடுவாங்க இல்ல?"

பூவராகவன் கடிதத்தைப் பிரித்து, தொடையில் வைத்து நன்றாக நீவிவிட்டார்.

விழாவன்று எட்டு மணிக்கே சுப்பராயன் காக்கிப் பையோடு வந்து மூன்று கட்டைகளையும் சொருகினார். லட்சுமியம்மாள் அவரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினாள். அவர் தலையைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கிக் குழாய் இரண்டையும் கொட்டாயின் கூரைமேலேயே கட்டினார். "மைக்கு கத்துற வரைக்கும் மோட்டாரு சத்தம் கேக்காது தங்கச்சி. மைக்கு நின்னா நான் பொறுப்பில்ல. கட்டய புடுங்கிக்கினு போயிடுவேன்" என்றார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. சுட்டெரிக்கும் வெயிலில் இருநூறு வண்ண விளக்குகள் எரிந்தன. 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற எழுத்துகளைச் சிவப்பு பல்புகளால் அமைத்திருந்தார்கள். பூவராகவனுக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். ஆதிநாராயணன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு இரண்டு குழாயிலும் இடியாக முழங்கியபோது லட்சுமியம்மாள் ஸ்டார்ட்டரைத் தட்டினாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பற்றாக்குறை என்றால் என்ன? தேவைக்கும் அளிப்புக்கும் உள்ள இடைவெளி. இடைவெளியை இரண்டு வழியில் அடைக்கலாம். அளிப்பைக் கூட்டலாம். அதற்கு அனல் நிலையம் வேண்டும், நிலக்கரி வேண்டும், பத்து ஆண்டுகள் வேண்டும். தேவையைக் குறைக்கலாம். அதற்கு ஒரு வயர்மேனும் ஒரு சைக்கிளும் போதும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சுப்பராயன் கூச்சத்துடன் தலை குனிந்தார்.

"இதோ அமர்ந்திருக்கும் இவருடைய பயிர் காய்ந்தால் நீங்கள் நஷ்டம் என்று சொல்வீர்கள். அது குடும்பப் பார்வை. எங்கள் அறிக்கையில் அதற்குப் பெயர் தேவை நிர்வாகம். பயிரே இல்லாத ஊரில் பாசனத்துக்கு எப்படிப் பற்றாக்குறை வரும்? இந்த மாவட்டம் முழுவதும் அந்த உன்னத நிலையை எட்டும் நாள் வெகுதூரத்தில் இல்லை!"

பதினொன்றரைக்கு அவர் முடித்துவிட்டார். நன்றி வணக்கம் என்று சொல்லப் போகிற சமயத்தில், பந்தலுக்கு வெளியே வந்து நின்ற லட்சுமியம்மாள் புருஷனைப் பார்த்து நாலில் ஒரு விரலைக் காட்டினாள். கால் பாகம்தான் நனைந்திருக்கிறது. பூவராகவனுக்கு மாலைக்குள் வேர்த்துக் கொட்டியது.

தணிகாசலம் எழுந்தார். "சார், பேஷா பேசினீங்க. தேவன்னு சொன்னீங்களே, அது புரிஞ்சிச்சி. அளிப்புன்னா இன்னா சார்?"

தம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொதுஜனம் தம்மைக் கேள்வி கேட்டதில் ஆதிநாராயணன் நெகிழ்ந்துபோனார். அளிப்பை ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். சாப்பாடு போட்டார்கள், சாப்பிடும்போதும் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, "நீங்க பாட்டுக்கு சொல்லிக்கினே துன்னுங்க சார், எங்களுக்குக் காது சும்மா கீது" என்றார்கள். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் அவர் உலக எண்ணெய்ச் சந்தையைச் சொல்லி முடித்தார். குப்பம்மாள் என்கிற கிழவி எழுந்து, "தொரே, யூனிட்டு யூனிட்டுன்றீங்களே, அது எம்மாம் பெருசு இருக்கும்?" என்று கேட்டாள். அதற்கு முக்கால் மணி.

ஒரு தடவை அதிகாரி பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினார். "என்ன அது, ஏதோ இரைகிறதே?"

"ஆம்பிளிஃபயர் சார். நீங்க அழுத்தமா பேசறீங்க இல்ல, அது தாங்கல" என்றார் சுப்பராயன். அதிகாரி திருப்தியடைந்து இன்னும் அழுத்தமாகப் பேசினார்.

மூன்றேமுக்கால் ஆயிற்று. கேள்விகள் தீர்ந்துபோயின. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். லட்சுமியம்மாள் மூன்று விரல் காட்டினாள். மேல் கழனி பாக்கி. ஆதிநாராயணன் எழுந்து செருப்பைத் தேடினார். அப்போது பூவராகவன் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார். நேரத்தை ஓட்டுவதற்காகத்தான் எழுந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் இரண்டு மாதமாக உள்ளே கிடந்தது வந்துவிட்டது.

"சார், எனுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மழயில மோட்டார ஓடவுட்டவனுக்குக் கரண்ட்டு குடுத்தீங்க. அவன் எம் மச்சான்தான், அவன்மேல எனுக்குக் கோவம் இல்ல. ஆளில்லாத ரூம்புல காத்தாடி சுத்துது, இரும்பில்லாத பட்டறையில ரோலரு ஓடுது, அவங்களுக்கும் குடுத்தீங்க. ஒரு யூனிட்டு கூட வீணாக்காத எனுக்கு மாலைய குடுத்தீங்க. நான் செஞ்சது நல்லதுன்னா கரண்ட்டு ஏன் சார் குடுக்கல? கெட்டதுன்னா மாலை ஏன் சார் போட்டீங்க?"

தேசிகன் தம் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையான கேள்வி!" என்றார் ஆதிநாராயணன், முகமெல்லாம் மலர. "ஒதுக்கீடு ஒரு கோப்பு. பாராட்டு வேறொரு கோப்பு. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்தால் குழப்பம் வரும் என்பதால்தான் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறோம். இதைச் சற்று விரிவாக விளக்குகிறேன்..."

சற்று விரிவு இரண்டரை மணி நேரம் நீடித்தது. அது போதுமானதாக இருந்தது. போதுமானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்துவிட்டது. மேல் கழனி நிரம்பி, வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்து, பந்தலுக்குள் நுழைந்து, அதிகாரியின் பாதத்தை நனைத்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"தேசிகன், குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆதிநாராயணன். "இந்த ஊரில் தண்ணீர் தானாகவே தரைக்கு வருகிறது."

சூரியன் சாய்கிற வேளையில் ஜீப் போயிற்று. சுப்பராயன் கட்டைகளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பூவராகவன் மாலையைக் கழற்றாமலே கழனிக்குள் இறங்கிக் கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றார். லட்சுமியம்மாள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நாலாம் நாள் கதிர் வெளியே வந்தது.

எட்டாம் நாள் உத்தரவும் வந்தது. ஆரம்பாக்கம் தானாக நீர் சுரக்கும் பகுதி என்று அதிகாரி நேரில் கண்டறிந்திருப்பதால், அவ்வூரின் பதினாலு பம்புசெட்டுகளின் ஒதுக்கீடும் பூஜ்யமாகத் திருத்தப்படுகிறது.

இப்போது ஊர் முழுக்கப் பூவராகவன் ஆகிவிட்டது. கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். பிள்ளையார் கோயில் முன்னால் எல்லோரும் கூடினார்கள். சிலர் திருவள்ளூர் அலுவலகத்துக்கு முன்னால் போய்ப் படுத்துவிடலாம் என்றார்கள். தணிகாசலம் எட்டு நாள் கரண்ட் பறிபோன ஆத்திரத்தில், "எல்லாம் ஒன்னாலதான் மச்சான் பேஜாரு" என்று பூவராகவன்மேல் பாய்ந்தார். பூவராகவனுக்கும் அப்படித்தான் பட்டது.

"ண்ணா, சண்ட போடறத அப்பறம் போட்டுக்கலாம்" என்றாள் லட்சுமியம்மாள். "கரண்ட்டு கேட்டு மனு போட்டா குடுக்க மாட்டாங்க. அவங்க கிட்ட கொறயாம கீறது வேற ஒண்ணு கீது. அத கேட்டு எழுதுங்க."

அன்றைக்கே எழுதினார்கள். மனுவில் மின்சாரம் என்ற வார்த்தையே வரவில்லை. அன்று ஐயா அவர்கள் ஆற்றிய உரை ஊரார் நெஞ்சை உருக்கிவிட்டது. ஆனால் பாமர மக்களாகையால் ஒரே நாளில் முழுவதும் விளங்கவில்லை. எனவே பதினாலு கழனியிலும் நாளொன்றுக்கு ஒரு கழனியாக நேரில் எழுந்தருளி விளக்க வேண்டும். பேச்சு தினமும் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒலிபெருக்கி நன்றாகச் சத்தம் போடுவதாக இருக்க வேண்டும். அறுபத்து மூன்று பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. மக்கள் தாமாகவே கொள்கை விளக்கம் கேட்டு மனுச் செய்தது அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் இதுவே முதல் தடவை என்றும், பதினாலு நாள் சுற்றுப்பயணத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றும், ஒலிபெருக்கிக்காக எல்லாக் கொட்டாய்களிலும் பியூஸ் கட்டை போட வயர்மேனுக்கு உத்தரவு போயிருக்கிறது என்றும், நாளைக் காலை ஒன்பது மணிக்கே அதிகாரி புறப்பட்டு வருகிறார் என்றும் அதில் இருந்தது.

தந்தியைப் படித்து முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வெட்டப் போனார்கள்.